ஒரு லேபிள் நீங்கியது, தளம் 314 நிமிடம் நின்றது: குபர்னெட்டிஸ் 1.24 அப்கிரேட் குறித்த நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 14 அன்று ரெடிட் என்ற விவாதத் தளம் 314 நிமிடம் முடங்கிக் கிடந்தது. தாக்குதல் இல்லை, டிஸ்க் பழுது இல்லை, எதிர்பாராத கூட்டமும் இல்லை. 19:00 யுடிசி-க்குச் சற்றுப் பின், குபர்னெட்டிஸ் (பல கணினிகளில் மென்பொருள்களைப் பரப்பி ஓட்டும் அமைப்பு) நடத்தும் க்ளஸ்டர் ஒன்றை, அதாவது கணினிக் கூட்டம் ஒன்றை, 1.23-இலிருந்து 1.24-க்கு அப்கிரேட் செய்யும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 2 நிமிடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு தளம் மொத்தமாக நின்றது.

அந்தக் குழு அவசரப்பட்டுச் செய்யவில்லை. இதற்கென ஒதுக்கிய சோதனை க்ளஸ்டர்களில் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். அதன்பின் முக்கியத்துவம் குறைந்த க்ளஸ்டரிலிருந்து கூடிய க்ளஸ்டரை நோக்கி வரிசையாக வந்தார்கள். நடந்ததையும் மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பாடநூல் சொல்லும் முறையில் செய்த ஒரு வேலை எந்த இடத்தில் பிடி நழுவியது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் குறைவு. அப்கிரேட் செய்யும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படி படியாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

பதிப்பு விதி எதுவும் மீறப்படவில்லை

குபர்னெட்டிஸின் பாகங்கள் எவ்வளவு பதிப்பு வித்தியாசத்தைத் தாங்கும் என்பதற்கு எழுதப்பட்ட விதி உண்டு. எல்லா வேண்டுகோள்களையும் வாங்கும் ஏபிஐ சர்வர்தான் அளவுகோல். அதைவிடப் புதியதாக வேறு எந்தப் பாகமும் ஓடக்கூடாது. க்ளஸ்டரை வேண்டிய நிலையில் வைக்கும் கண்ட்ரோலர் மேனேஜரும், வேலைகளைக் கணினிகளுக்குப் பங்கிடும் ஷெட்யூலரும் அதைவிட ஒரு மைனர் பதிப்பு (1.23, 1.24 என்பதில் புள்ளிக்குப் பின் உள்ள எண்) பழையதாக இருக்கலாம். ஒவ்வொரு நோடிலும் (க்ளஸ்டரின் ஒரு கணினி) ஓடும் கியூப்லெட் 1.25 முதல் மூன்று மைனர் பதிப்பு பின்தங்கலாம். அதற்கு முந்தைய கியூப்லெட்டுக்கு இரண்டுதான். கமாண்ட் கருவியான கியூப்சிடிஎல் மட்டும் இரு பக்கமும் ஒரு பதிப்பு தள்ளி இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஏபிஐ சர்வர்கள் இருந்தால் அவற்றுக்குள் ஒரு மைனர் பதிப்புக்கு மேல் இடைவெளி ஆகாது. ஏபிஐ சர்வர், கண்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர் ஆகியவை சேர்ந்த கண்ட்ரோல் பிளேனை ஒவ்வொரு மைனராகத்தான் ஏற்ற வேண்டும்.

இந்த எண்களை அட்டவணையில் பார்த்து விட்டுவிடுபவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். 1.31-இலிருந்து 1.32-க்கு அப்கிரேட் நடக்கும்போது, வேண்டுகோள்களைப் பங்கிடும் லோட் பேலன்ஸருக்குப் பின்னால் இரு பதிப்பு ஏபிஐ சர்வர்களும் கலந்து நிற்கும். அந்த இடைவேளையில் வரம்பு சுருங்குகிறது: கண்ட்ரோலர் மேனேஜரும் ஷெட்யூலரும் 1.31 மட்டுமே, கியூப்லெட் 1.29 முதல் 1.31 வரை மட்டுமே. 1.28 கியூப்லெட்டை வைத்திருந்தவருக்கு 1.31 வரை எல்லாம் சரியாக இருந்திருக்கும், முதல் 1.32 ஏபிஐ சர்வர் எழுந்த நொடியே அவர் விதிக்கு வெளியே போய்விடுகிறார்.

ரெடிட்டின் அப்கிரேட் இந்த விதிகளுக்கு உட்பட்டதுதான். ஒரே ஒரு மைனர் பதிப்பு, அறிவிக்கப்பட்ட பாதை. இந்த விதிகள் குபர்னெட்டிஸின் சொந்தப் பாகங்களுக்கு இடையே உள்ள பேச்சுக்கு மட்டும்தான் உத்தரவாதம் தருகின்றன. க்ளஸ்டரில் ஓடும் மற்ற மென்பொருள்கள் குபர்னெட்டிஸ் வைத்த லேபிளையும் (அடையாளம் காட்டும் பெயர்ச்சீட்டு) அனோட்டேஷனையும் (கூடுதல் குறிப்பு) கோப்புப் பாதையையும் நம்பி எழுதப்பட்டிருந்தால், அந்த நம்பிக்கைக்கு எந்த அட்டவணையும் பொறுப்பேற்காது.

அறுந்த கண்ணி

அந்த க்ளஸ்டரில் பாட்களை (கன்டெய்னர்கள் ஓடும் சிறிய அலகுகள்) இணைக்கும் நெட்வொர்க்கை கேலிகோ என்ற மென்பொருள் நடத்தியது. கேலிகோ பிஜிபி என்ற வழிப்பரிமாற்ற முறையில் இயங்கும்போது, எந்த பாட் முகவரி எந்த நோடில் இருக்கிறது என்ற செய்தியை நோட்கள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும். இயல்பான அமைப்பில் ஒவ்வொரு நோடும் மற்ற எல்லா நோடுகளுடனும் நேரடியாகப் பேசும். 100 நோட்களுக்கு இது 4,950 இணைப்பு. 1,000 நோட்களுக்கு 4,99,500. அதனால் பெரிய க்ளஸ்டர்களில் இந்த முழு வலையை அணைத்துவிட்டு, சில நோட்களை மட்டும் ரூட் ரிஃப்ளெக்டர்களாக, அதாவது வழிச்செய்தியை மற்றவற்றுக்குக் கடத்தும் மையங்களாக, நியமிப்பார்கள். மற்ற நோட்கள் அவற்றிடம் மட்டும் பேசினால் போதும்.

எந்த நோட் ரிஃப்ளெக்டர் என்பதை கேலிகோவின் பிஜிபி-பியர் அமைப்பில் உள்ள செலக்டர்கள் (லேபிளை வைத்துத் தேர்ந்தெடுக்கும் விதிகள்) தீர்மானிக்கின்றன. ரெடிட்டில் அந்தச் செலக்டர்கள் கண்ட்ரோல் பிளேன் நோட்களின் லேபிளைக் குறிவைத்திருந்தன: நோட்-ரோல்.குபர்னெட்டிஸ்.ஐஓ/மாஸ்டர். குபர்னெட்டிஸ் 1.20-இல் இதற்கு இணையாக 'கண்ட்ரோல்-பிளேன்' என்று முடியும் புதிய லேபிள் வந்தது, பழையது கைவிடப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. 1.24-இல் பழையது எடுக்கப்பட்டது. புதிதாகச் சேரும் நோட்களுக்கு வைக்காமல் விட்டதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நோட்களிலிருந்தும் அதை உரித்து எடுத்தது.

இந்த நீக்கம் நோட் நோடாக நடப்பதல்ல. க்ளஸ்டரை நிறுவி அப்கிரேட் செய்யும் கருவியான கியூப்ஏடிஎம், 1.24-இல், முதல் கண்ட்ரோல் பிளேன் நோடில் அப்கிரேடை முடிக்கும் கட்டத்தில், பழைய லேபிள் உள்ள நோட்கள் அனைத்தையும் தேடி ஒரே வீச்சில் எடுக்கிறது. ஒரு நோடை ஏற்றி, பார்த்து, அடுத்ததுக்குப் போகும் எச்சரிக்கை இங்கே உதவாது. முதல் நோடை முடித்தபோதே எல்லாவற்றிலும் லேபிள் போயிருக்கும்.

லேபிள் போனதும் செலக்டருக்குப் பொருந்தும் நோட் பூஜ்யம் ஆனது. ரிஃப்ளெக்டர் இல்லை. முழு வலையும் முன்பே அணைக்கப்பட்டது. ஆக எந்த நோடுக்கும் பேச எதிராளி இல்லை. கற்றுக்கொண்ட ரூட்கள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பதிவுகள்) கெர்னல் அட்டவணையிலிருந்து உதிர்ந்தன. நோட் விட்டு நோட் போகும் பாட் போக்குவரத்து நின்றது.

பூஜ்யம் பொருந்துவது பிழையாகக் கருதப்படுவதில்லை

இந்த நிகழ்வில் நாம் மிகவும் தங்கிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். லேபிள் செலக்டர் எதையும் பிடிக்காவிட்டால் குபர்னெட்டிஸ் உலகில் யாரும் கூச்சலிட மாட்டார்கள். அது செல்லுபடியாகும் நிலை. நாளைக்கே பொருந்தும் நோட் வரக்கூடும் என்ற எண்ணத்தில்தான் முழு அமைப்பும் கட்டப்பட்டிருக்கிறது. நன்மையான குணம்தான், ஆனால் அப்கிரேடில் அது நம்மைக் கைவிடுகிறது.

கேலிகோவோடு இது முடிவதில்லை. நோடுக்கு ஒரு பாட் வீதம் ஓட்டும் டீமன்செட்டின் நோட்செலக்டரில் பழைய லேபிள் இருந்தால், அந்த பாட்கள் அந்த நோட்களிலிருந்து சத்தமின்றி நீக்கப்படும். நிலையைக் கேட்டால் 'வேண்டியது 0, இருப்பது 0' என்று முழு ஆரோக்கியமாகப் பதில் வரும். ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை நீக்கலாம் என்று வரம்பிடும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டின் செலக்டர் எதையும் பிடிக்காவிட்டால் காவல் இல்லாமலேயே நோடைக் காலி செய்ய முடியும். நெட்வொர்க் பாலிசியின் அனுமதி விதி எதையும் பிடிக்காவிட்டால் போக்குவரத்து மறுக்கப்படும். கண்காணிப்பு விதி பிடிக்காவிட்டால் அலர்ட் ஒருபோதும் ஒலிக்காது, அதாவது பேனல் பச்சையாகவே நிற்கும். இவை ஒவ்வொன்றும் பிழைச் செய்தி தராத கோளாறு. அதனால் 'பிழை வந்ததா' என்று பார்க்கும் சோதனை போதாது. 'எண்ணிக்கை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு' என்று பார்க்கும் சோதனை வேண்டும்.

நடைமுறையில் அப்கிரேடுக்கு முன் இந்த எண்களை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்: ஒவ்வொரு டீமன்செட்டும் கேட்கும் பாட் எண்ணிக்கை, ஒவ்வொரு சர்வீஸின் பின்னால் நிற்கும் எண்ட்பாயிண்ட் (பாட் முகவரி) எண்ணிக்கை, ஒவ்வொரு பட்ஜெட்டும் காக்கும் பாட் எண்ணிக்கை, கண்காணிப்பில் உயிரோடு இருக்கும் டார்கெட் எண்ணிக்கை. கேலிகோ பிஜிபி-யில் ஓடினால், ஏதேனும் மூன்று நோட்களில் 'பேர்ட்' (கேலிகோவின் பிஜிபி நிரல்) என்ற மூலத்திலிருந்து வந்த ரூட் எத்தனை என்பதையும் எடுங்கள். இயல்பாக ஒவ்வொரு ரூட்டும் 64 முகவரி கொண்ட ஒரு தொகுதியைக் குறிக்கும். முதல் கண்ட்ரோல் பிளேன் நோட் முடிந்ததும் அதே எண்களை மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். எந்த எண்ணாவது பூஜ்யத்துக்குப் போயிருந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

சோதனை க்ளஸ்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

ரூட் ரிஃப்ளெக்டர்கள் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழு வைத்தவை. அவற்றை அறிந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். மிகப் பெரிய, மிகப் பழைய க்ளஸ்டர்களில் மட்டும்தான் அவை இருந்தன. சோதனை க்ளஸ்டர் எதிலும் அந்த அமைப்பு இல்லாதபோது, எத்தனை முறை சோதித்தாலும் விடை ஒன்றுதான். அதோடு அமைப்பின் ஒரு பகுதி கேலிகோவின் சொந்தக் கமாண்ட் கருவி வழியாக எடுத்து, கையால் திருத்தி, திரும்ப ஏற்ற வேண்டிய வகை. குறியீட்டுக் களஞ்சியத்தில் தேடினால் அகப்படாது.

இதிலிருந்து கிடைக்கும் வேலைமுறை சுருக்கமானது. களஞ்சியத்தில் தேடாதீர்கள், ஓடும் க்ளஸ்டரில் தேடுங்கள். பட்டியலிடத்தக்க எல்லா ரிசோர்ஸ் வகைகளையும் ஏபிஐ சர்வரிடம் கேட்டு, சிஆர்டி-கள் (பிற மென்பொருள்கள் சேர்த்த சொந்த வகைகள்) உட்பட ஒவ்வொன்றையும் யாம்ல் என்ற உரைக்கோப்பாக இறக்கி, அதற்குள் நீக்கப்படவிருக்கும் லேபிளின் பெயரைத் தேட வேண்டும். கேலிகோ தன் தரவைத் தனி எட்சிடி-யில் (குபர்னெட்டிஸும் தன் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளம்) வைத்திருந்தால் அதை அதன் கருவியால் இறக்கித் தேட வேண்டும். பிறகு க்ளஸ்டருக்கு வெளியே உள்ளவை: லோட் பேலன்ஸர் ஸ்கிரிப்டுகள், கண்காணிப்பின் ரீலேபிள் விதிகள், பேக்கப் வேலைகள். எந்தப் பெயரைத் தேடுவது என்பது வெளியீட்டுக் குறிப்பில் 'அவசர அப்கிரேட் குறிப்புகள்' என்ற பகுதியில் இருக்கும். தாண்டப்போகும் பதிப்பின் குறிப்பை மட்டும் படித்தால் போதாது. இந்த லேபிளின் கைவிடல் அறிவிப்பு நான்கு வெளியீட்டுக்கு முந்தையது.

அறிகுறிகள் ஏன் திசை திருப்புகின்றன

பாட் நெட்வொர்க் அறுந்தால் நோட்கள் 'ரெடி' என்றே காட்டும். கியூப்லெட் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் இருந்து ஏபிஐ சர்வரோடு பேசுகிறது. அதன் துடிப்புக்கு பாட் ரூட் தேவையில்லை. எட்சிடி உறுப்பினர்களும் அப்படியே. ஆனால் மாற்றங்களை ஏற்குமுன் சரிபார்க்கும் அட்மிஷன் வெப்ஹூக்கை அழைக்க ஏபிஐ சர்வர் ஒரு பாட்டை எட்ட வேண்டும். அது எட்டாதபோது, அந்த வெப்ஹூக் பார்க்கும் ஒவ்வொரு எழுதும் வேண்டுகோளும் டைம்அவுட் வரை காத்திருக்கும். இயல்பு 10 நொடி, உச்சம் 30 நொடி. தோல்விக் கொள்கையின் இயல்பு மதிப்பு மறுப்பது. எனவே பார்ப்பவர் கண்ணுக்கு ஏபிஐ சர்வர் நோயாளியாகவும் வெப்ஹூக் குற்றவாளியாகவும் தெரியும். பெயரை முகவரியாக மாற்றும் கோர்டிஎன்எஸ் வேறு நோடில் இருப்பதால் பெயர்த் தேடல் நிற்கும். டிஎன்எஸ் மீது சந்தேகம் திரும்பும். க்ளஸ்டருக்குள் ஓடும் கண்காணிப்பு மற்ற நோட்களை எட்ட முடியாமல் இருண்டு போகும்.

இப்படிப்பட்ட நேரத்தில் மேலிருந்து கீழே வராமல் அடியிலிருந்து மேலே போவது நல்லது. ஒரு நோடில் நுழைந்து வேறொரு நோடின் பாட் முகவரியை நேரடியாக எட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ரூட் அட்டவணை. அது காலியென்றால் பிஜிபி நிலை. கேலிகோவின் நிலைக் கமாண்ட் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்ற இணைப்பு ஒன்றுகூட இல்லை என்று சொன்னால், வெப்ஹூக்கிலும் டிஎன்எஸ்-இலும் நேரம் செலவிட வேண்டியதில்லை. அடிக் கோளாறு அதுதான் என்று தெரிந்துவிட்டால் தீர்வு சிறியது: ஏபிஐ சர்வர் எட்டக்கூடியதாக இருக்கும்வரை, பழைய லேபிளை அந்த நோட்களில் கையால் திரும்ப வைக்கலாம். லேபிளுக்குப் பதிப்பு கிடையாது, 1.24-லும் அது அனுமதிக்கப்பட்டதே.

திரும்பும் வழி

காரணம் தெரியாதபோது எல்லோரும் ரோல்பேக்கை, அதாவது பழைய பதிப்புக்குத் திரும்புவதை, நாடுவார்கள். குபர்னெட்டிஸ் கண்ட்ரோல் பிளேனுக்கு அது ஆதரிக்கப்பட்ட வழி அல்ல. புதிய ஏபிஐ சர்வர் எட்சிடி-யில் எழுதும் ஆப்ஜெக்ட்களின் வடிவத்தைப் பழைய சர்வர் படிக்க முடியாமல் போகலாம். புதிய ஃபீல்டுகளைப் பழையது அறியாமல் உதிர்த்துவிடலாம். எட்சிடி-யையும் 3.6 வரும்வரை மைனர் பதிப்பு இறக்க வழி இல்லை. மிஞ்சியது எட்சிடி-யின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (முன்பு எடுத்து வைத்த நகல்) மீட்பதுதான். ரெடிட் குழு அந்த முடிவைத்தான் எடுத்தது. கையில் இருந்த மீட்புக் குறிப்பு ஆதரவு முடிந்துபோன ஒரு குபர்னெட்டிஸ் பதிப்புக்காக எழுதப்பட்டது. க்ளஸ்டர் அதற்குப் பின் கன்டெய்னரை ஓட்டும் மென்பொருளான டாக்கரை விட்டு கிரை-ஓவுக்கு மாறியிருந்தது. குறிப்பில் இருந்த கமாண்ட்கள் எல்லாம் டாக்கர் கமாண்ட்கள். தளம் விழுந்து கிடக்கும்போது ஒவ்வொரு வரியையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

மீட்பு எளிதான வேலை அல்ல என்பதை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்தால்தான் புரியும். ஸ்னாப்ஷாட்டை அப்கிரேடுக்குச் சற்று முன் எடுத்து, க்ளஸ்டருக்கு வெளியே வைக்க வேண்டும். சான்றிதழ் கோப்பகத்தையும் ஏபிஐ சர்வரின் குறியாக்கச் சாவிக் கோப்பையும் அதோடு எடுக்க வேண்டும். ரகசியங்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், சாவி இல்லாத ஸ்னாப்ஷாட்டிலிருந்து அவற்றைப் படிக்க முடியாது. மீட்கும்போது முதலில் எல்லா ஏபிஐ சர்வர்களையும் நிறுத்த வேண்டும். ஒரே ஸ்னாப்ஷாட் கோப்பிலிருந்து ஒவ்வொரு எட்சிடி உறுப்பினரையும் புதிய டேட்டா கோப்பகத்தில் எழுப்ப வேண்டும். உறுப்பினர் பெயர், பியர் முகவரி, தொடக்க க்ளஸ்டர் பட்டியல் மூன்றும் எல்லா இடத்திலும் ஒத்திருக்க வேண்டும். நோடின் பெயர் மாறியிருந்தால் சான்றிதழ் ஒத்துப்போகாது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ஏற்க மாட்டார்கள். பைனரிகளையும் ஸ்டாட்டிக் பாட் மேனிஃபெஸ்டுகளையும் (கண்ட்ரோல் பிளேனை ஓட்டும் அமைப்புக் கோப்புகள்) பழைய பதிப்புக்கு மாற்றியிருக்க வேண்டும். நோட்களில் கியூப்லெட் ஏற்கெனவே மேலே போயிருந்தால் அதையும் இறக்க வேண்டும், ஏனெனில் ஏபிஐ சர்வரைவிடப் புதிய கியூப்லெட் ஆகாது.

எல்லாம் எழுந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. எட்சிடி-யின் ரிவிஷன் எண் பின்னோக்கிப் போயிருக்கும். கண்ட்ரோலர்களும் கியூப்லெட்களும் தம் கேஷில் அதைவிட மேலான எண்ணை வைத்துக்கொண்டு பழைய நிலவரத்தையே நம்பக்கூடும். கண்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர், கியூப்லெட் மூன்றையும், சொந்தக் கண்ட்ரோலர்கள் இருந்தால் அவற்றையும் ரீஸ்டார்ட் செய்வது இதற்காகத்தான். ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் பிறந்த பாட்களை எட்சிடி அறியாது; கியூப்லெட் அவற்றைக் கொன்றுவிடும்.

ஆகவே மீட்பு ஒத்திகையை அப்கிரேட் திட்டத்தின் முதல் படியாக வைக்க வேண்டும், பின்னிணைப்பாக அல்ல. இன்றைய பதிப்பில், இன்றைய கன்டெய்னர் ரன்டைமில், அதே அளவு ஸ்னாப்ஷாட்டோடு ஒருமுறை மீட்டு, எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தெரிந்தால்தான் கோளாறு நடுவே 'இன்னும் எவ்வளவு நேரம் தேடலாம்' என்ற கேள்விக்கு விடை இருக்கும்.

ஒரு பதிப்பைப் பல மாற்றங்களாகப் பிரித்தல்

ஒரு மைனர் பதிப்பு என்பது பல மாற்றங்களின் மூட்டை. மூட்டையைத் திருப்ப முடியாது. ஆனால் உள்ளே இருப்பவற்றில் நம்மை உடைக்கக்கூடியவை பெரும்பாலும் தனித்தனியே திருப்பக்கூடியவை. அவற்றை அப்கிரேடுக்கு வாரங்களுக்கு முன்னரே, பழைய பதிப்பில் இருக்கும்போதே நடத்திப் பார்ப்பதுதான் பாதுகாப்பான அப்கிரேட் என்று நாங்கள் கருதுகிறோம்.

லேபிளை எடுத்துக்கொள்வோம். 1.23-இல் இருக்கும்போதே ரிஃப்ளெக்டர் நோட்களுக்குச் சொந்த லேபிள் ஒன்றை வைத்து, செலக்டரை அதற்கு மாற்றி, இணைப்புகள் எல்லாம் 'எஸ்டாப்ளிஷ்ட்' ஆனதை உறுதிசெய்யலாம். பிறகு பழைய லேபிளை ஒரே ஒரு கண்ட்ரோல் பிளேன் நோடிலிருந்து எடுங்கள். ரூட் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு மற்றவற்றிலிருந்து எடுங்கள். ஏதேனும் உடைந்தால் ஒரு கமாண்டில் திரும்ப வைக்கலாம். 1.24 செய்யப்போவதை நாமே முன்கூட்டி, மெதுவாக, திருப்பக்கூடிய முறையில் செய்துவிட்டோம். சோதனை க்ளஸ்டரில் இல்லாத பழைய அமைப்பையும் இது பிடிக்கும், ஏனெனில் சோதனை நடப்பது உண்மையான க்ளஸ்டரிலேயே.

நீக்கப்படும் ஏபிஐ-களுக்கும் இதே வழி. 1.22-இல் பழைய இன்கிரெஸ், சிஆர்டி பீட்டா ஏபிஐ-கள் போயின. 1.25-இல் பாட் செக்யூரிட்டி பாலிசியோடு கிரான்ஜாப், டிஸ்ரப்ஷன் பட்ஜெட் ஆகியவற்றின் பீட்டா பதிப்புகள் போயின. 1.26-இல் ஆட்டோஸ்கேலிங்கின் வி2-பீட்டா2 போனது. கைவிடப்பட்ட ஏபிஐ-யை யாராவது கேட்கிறார்களா என்பதை ஏபிஐ சர்வர் 1.19 முதல் ஒரு மெட்ரிக்கில் காட்டுகிறது. எந்த வெளியீட்டில் நீக்கம் என்பதும் அதிலேயே லேபிளாக இருக்கும். யார் கேட்கிறார்கள் என்பதற்கு ஆடிட் லாக். பட்டியல் காலியானதும், ஏபிஐ சர்வரின் ரன்டைம்-கான்ஃபிக் விருப்பத்தில் அந்தப் பதிப்பை அணைத்து ஒரு மாதமாவது ஓட்டுங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் வேலையொன்று அதைக் கேட்டால், விருப்பத்தை மீண்டும் இயக்கி, அதைத் திருத்தினால் போதும்.

1.24-இலேயே குபர்னெட்டிஸை டாக்கரோடு இணைத்த டாக்கர்ஷிம்மும் நீக்கப்பட்டது. டாக்கரில் இருந்தவர்கள் முதலில் 1.23-இலேயே கன்டெய்னர்டி-க்கோ கிரை-ஓவுக்கோ நோட் நோடாக மாறி, அது நிலைத்த பின்தான் பதிப்பைத் தொட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே இரவில் செய்தவர்களுக்கு, உடைந்தது எதனால் என்று பிரித்தறிய வழியில்லை. 1.31-இல் ஆல்ஃபாவாக வந்த எமுலேட்டட்-வெர்ஷன் விருப்பமும் இந்த எண்ணத்தின் நீட்சியே: பைனரி புதியது, நடத்தை பழையது, இரண்டும் தனித்தனிப் படி.

நோட்கள்

கண்ட்ரோல் பிளேன் நிலைத்த பிறகு நோட்கள் ஒப்பீட்டளவில் எளிது, ஏனெனில் நோடைத் திருப்பலாம், தூக்கி எறியலாம். மூன்று பதிப்பு இடைவெளியைப் பயன்படுத்தினால், கண்ட்ரோல் பிளேனை 1.28-இலிருந்து 1.31 வரை மூன்று படியாக ஏற்றி, நோட்களை ஒரே தடவை 1.31 நோட்களால் மாற்றலாம். 1.32-க்குப் போகும்முன் இது முடிந்திருக்க வேண்டும். நோட் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் க்ளஸ்டர் ஆட்டோஸ்கேலரின் மைனர் பதிப்பு கண்ட்ரோல் பிளேனோடு சேர்ந்து நகர வேண்டும். சிஎன்ஐ (நெட்வொர்க்), சிஎஸ்ஐ (சேமிப்பு) டிரைவர்களின் ஆதரவுப் பட்டியலைப் படிப்படியாக ஒவ்வொரு மைனருக்கும் பார்க்க வேண்டும், இறுதிப் பதிப்புக்கு மட்டும் அல்ல.

டிரெயின் (நோடைக் காலி செய்யும் கமாண்ட்) தொங்கி நின்றால் பெரும்பாலும் காரணம் டிஸ்ரப்ஷன் பட்ஜெட். ஒரே ரெப்ளிக்கா (பாட்டின் நகல்) வைத்து 'குறைந்தது 1' என்று எழுதியிருந்தால் வெளியேற்றம் ஒருபோதும் அனுமதிக்கப்படாது. சர்வர் 429 (இப்போது முடியாது) என்று பதில் தரும், டிரெயின் 5 நொடிக்கு ஒருமுறை மீண்டும் கேட்கும், டைம்அவுட் வைக்காவிட்டால் முடிவில்லாமல் கேட்கும். கட்டாயமாக பாட்டை அழிப்பது அந்தக் காவலைத் தாண்டிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். அனுமதிக்கப்பட்ட இடையூறு 0 என்று இருக்கும் பட்ஜெட்களை முந்தைய நாளே பட்டியலிட்டு, உரிய குழுவிடம் ரெப்ளிக்காவைக் கூட்டச் சொல்லுங்கள். எம்ப்டிடிர் (பாட்டோடு அழியும் தற்காலிகச் சேமிப்பு) தரவு வைத்திருக்கும் பாட்களுக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு. அதை அழிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை டிரெயின் மறுக்கும், சொன்னால் தரவு போய்விடும்.